மாப்பிள்ளைக்கு நான் கண்டுபிடித்த வருத்தம்

இருபது வருடமாக நான் ஆராய்ச்சி செய்வது மாஸ்ட் செல் பற்றி. தோலுக்கு அடியில் காவல் நிற்கும் செல் அது. ஒத்துவராத ஏதாவது உடம்புக்குள் வந்தால் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டிவிடும். சிலருக்கு இறால் தின்றால் தோல் தடித்து அரிப்பது அதனால்தான். இதைக் கல்முனையில் இருக்கும் என் வீட்டாருக்கு விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனேன். கொழும்பில் எலிகளுக்குச் சொறி பார்க்கிறான் என்பதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். எலியின் வயிற்றைக் கழுவி, அந்தத் தண்ணீருக்குச் சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில் கண் வீங்கப் பார்ப்பவனை வேறு எப்படித்தான் சொல்வது?

போன வருடம் தங்கச்சி மகளுக்குக் கலியாணம் பேசி, மாப்பிள்ளை வீட்டார் முதல் தடவையாகச் சாப்பிட வந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்கள். விருப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது, நாங்கள் பேசினது பேருக்குத்தான். மச்சான், தங்கச்சியின் புருசன், காலையில் சவளக்கடை வயலுக்கு அறுவடை பார்க்கப் போனதால் மீன் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆறரைக்குக் கடற்கரையில் நல்ல சூரை மீன் ஒன்று வாங்கிக் காரின் டிக்கியில் போட்டேன். வரும் வழியில், தேத்தண்ணிக் கடையில், என்னோடு படித்த ஒருவன் இப்ப என்ன செய்யிறாய் என்று மரியாதைக்குக் கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. பேப்பரில் செல்லின் படம் கீறி, நாலு தேத்தண்ணி குடித்து, நான் வீடு சேர்ந்தபோது பத்தரை. மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகத்தான் இருந்தது.

பகல் ஆண்களுக்குச் சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி மாப்பிள்ளை, அவருடைய வாப்பா, மச்சான், நான். மாமன் என்ற முறைக்கு நல்ல துண்டுகளாகப் பொறுக்கி மாப்பிள்ளை பக்கம் தள்ளினேன். மனுசன் பாவம், மறுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் தின்றார். கை கழுவி அரை மணித்தியாலம் ஆகவில்லை, முகம், காது, கழுத்தெல்லாம் சிவந்து, சட்டைக்குள் கையை விட்டுச் சொறியத் தொடங்கினார்.

வீடே திரும்பி என்னைப் பார்த்தது. அல்லாஹ் அறிய, என் படிப்பை என் குடும்பம் தேடியது அன்றுதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் வைத்தியன் இல்லை என்பதை மறந்து எழும்பி நின்றேன். இது மீன் ஒவ்வாமை, மாஸ்ட் செல் தன் வேலையைக் காட்டுகிறது, இனி ஆயுளுக்கும் மீனை வாயில் வைக்கக் கூடாது என்று விரிவுரை நடத்தினேன். இடையில் தங்கச்சி ஒவ்வாமைக் குளிசை ஒன்றைக் கொண்டுவந்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள்.

விரிவுரை எல்லோருக்கும் நன்றாக விளங்கிவிட்டது, அதுதான் வில்லங்கம். எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருப்பார். இதுவோ மூன்று வேளையும் மீன் வேகும் வீடு. பெண்கள் இன்னும் சாப்பிட உட்காரவில்லை. மாப்பிள்ளையின் உம்மா கைப்பையோடு வெளியே வந்து, ஒரே மகனைச் சாகக் கொடுக்க ஏலாது, கலியாணக் கதையைக் கொஞ்சம் ஒத்திவைப்போம் என்றார். ஒத்திவைத்த கலியாணம் எங்கே போய் முடியும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். குசினிக்குள், அடுப்புப் பக்கம், தங்கச்சி மகள் சுவரைப் பார்த்து நின்று அழுதாள்.

என் முகமும் எரிந்தது. வெட்கம் என்றுதான் நினைத்தேன். மச்சானைப் பார்த்தால் அவரும் கழுத்தைச் சொறிகிறார். மாப்பிள்ளையின் வாப்பா தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், காது இரண்டும் செக்கச் செவேல். ஒரு சஹனில் தின்ற நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒவ்வாமை வருமா? வராது. சூரை மாதிரி மீனை ஐஸ் இல்லாமல் வெக்கையில் வைத்தால், கிருமிகள் மீனுக்குள்ளேயே ஹிஸ்டமினை ஆக்கிவிடும். ஆக்கினதைக் கொதிக்கவைத்தாலும் போகாது. வருடா வருடம் நானே படிப்பிக்கிற பாடம். செல்லுக்குள் இருபது வருடம் தேடிய சாமானை நானே வாங்கிவந்து பரிமாறியும் இருக்கிறேன்!

வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். மகளின் அழுகை இங்கே கேட்டது. வாசலில் அவர்கள் செருப்பைப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

“மாப்பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல,” என்றேன். “மீன்தான் பழுது. ஐஸ் போடாம நாலு மணித்தியாலம் காருக்குள்ள வெச்சது நான்.”

மாப்பிள்ளையின் உம்மா என் சிவந்த முகத்தை ஆறுதலாக, அவசரமில்லாமல், பார்த்தார். இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கேட்டார். ஓம் என்றேன், வேறு என்ன சொல்ல? அவர் செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் திரும்பினார்.

“வேற ஆணம் இரிக்கா?”

மகள் இறைச்சிக் கறியோடு ஓடிவந்தாள். மாமிக்குப் பரிமாறிவிட்டு என் பக்கம் குனிந்தாள். கண் இன்னும் காயவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

“கலியாணம் முடியும் மட்டும் ஒருத்தருக்கும் வருத்தம் பாத்திராதீங்க மாமா,” என்றாள்.