பந்தியில் நடந்த விசாரணை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஒப்புக்கொள்கிறேன். அதற்காக வேலையை விட்டே தூக்குவார்களா?

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை. சேலைப் பிரிவில் பதினோரு வருஷம் நின்றேன். நின்றேன் என்றால் நிஜமாகவே காலையிலிருந்து ராத்திரி வரை நின்றேன். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு நாலு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். வாடிக்கையாளர் பார்த்தால் நன்றாக இராது என்று மேனேஜர் அவற்றைக் குடோனில் அடுக்கிவிட்டார். என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு அப்போது ஏழு மாசம். கால் வீங்கிப்போய் நின்றாள். நான் குடோனுக்குப் போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து அவளை உட்கார வைத்தேன். மேனேஜர் வந்து கத்தினார்.

"ஒங்க வீட்டுப் பொம்பளைய இப்பிடி நிக்க வைப்பீங்களா சார்?" என்று கூட்டத்துக்கு முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே கையில் கடிதம். சஸ்பெண்ட், விசாரணை முடியும்வரை கடைக்கு வரக் கூடாது. வரட்டும், விசாரணையில் வைத்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன். ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று, யாரும் கூப்பிடவில்லை.

இடையில் பனவடலிசத்திரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்தால், மேனேஜர்!

"என்னம்மா, எப்பிடி இருக்கீங்க? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

கல்யாண வீட்டில் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளவா முடியும்?

"ஏதோ இருக்கோம் சார். சொல்லுததுக்கு என்ன இருக்கு?" என்றேன்.

பத்து நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. நேரில் விசாரித்தபோது தம் தரப்பில் சொல்ல எதுவும் இல்லை என்று தெரிவித்ததால் பணிநீக்கம் செய்யப்படுகிறார் என்று எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, ஒனக்கா சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்பிடி ஒரு வார்த்தைய நான் கேட்டதே இல்லையே!"

எனக்கு வயிறு எரிந்தது. வேலை போனது ஒரு பக்கம். பதினோரு வருஷத்தை, நான் அந்த அர்த்தத்தில் சொல்லாத ஒரு வார்த்தையை வைத்து முடித்துவிட்டார்களே, பாவிகள்!

"சிரிச்சது போதும். நாளைக்கே திருநவேலிக்குப் போறேன்," என்றேன். சொன்னபடியே தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன்.

எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்த அதிகாரி ஒரு பெண். மேனேஜரிடம்தான் முதலில் கேட்டார்.

"விசாரணை எங்க நடந்துச்சு?"

"பனவடலிசத்திரத்துல, மேடம்."

"அங்க ஒங்க கடைக்குக் கிளை இருக்கா?"

மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பந்தியில மேடம். ரசம் ஊத்துத நேரம். சார் என் சௌக்கியத்த விசாரிச்சாங்க. அதத்தான் விசாரணைன்னு எழுதிட்டாங்க!"

அதிகாரி சிரிக்கவில்லை. மேனேஜர் கொடுத்த தாள்களை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. அன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சு?"

பஸ்ஸில் வரும்போதே எல்லாவற்றையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. இத்தனை மாதத்தில், கேட்க வேண்டிய ஒருத்தர்கூட என்னிடம் இதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை முட்டியது. அந்த ஆளுக்கு முன்னால் அழுவேனா நான்? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலில் இருந்து ஆரம்பித்தேன்.

விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை, பணிநீக்கம் செல்லாது என்று பிற்பாடு உத்தரவு வந்தது. இன்றும் அதே சேலைப் பிரிவில்தான் இருக்கிறேன். ஆனால் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான். நான் பாதி சொல்லிக்கொண்டிருந்தபோது மேனேஜர் குறுக்கே ஏதோ பேச வந்தார்.

"இருங்க சார்," என்றார் அதிகாரி. "அவங்க இன்னும் பேசி முடிக்கல."