விமானப் பட்டியலில் நான் வெட்டிய பதினெட்டு

நயா பைசா புழக்கத்துக்கு வந்து, ஓரணாவுக்கு ஆறு பைசாவா ஏழு பைசாவா என்று கடைக்குக் கடை சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துக்குப் போகிற வழியில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ரயில்வேயில் படம் வரைகிற உத்தியோகம். இயந்திரங்களின் பாகங்களை அளவு பிசகாமல் வரைந்து கொடுப்பார். நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, சுற்றுப்பட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கி வந்தார். ஓர் ஆள் உட்கார்ந்து பறக்கிற சின்ன விமானத்தை வீட்டிலேயே செய்வது எப்படி என்று அதில் பக்கம் பக்கமாகப் படம் போட்டிருந்தது. முதலில் எஞ்சின் இல்லாமல் செய்து, பட்டம் விடுவதைப் போலக் கயிறு கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பழக வேண்டுமாம். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். "நம்ம பின்கட்டுல தாராளமா செய்யலாம்" என்றார். மனிதருக்கு வெயில் அதிகம் பட்டுவிட்டது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

ஆனால் அந்தப் பத்திரிகையை அவர் புரட்டிய விதம் என்னை என்னவோ செய்துவிட்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் தனக்கென்று ஒரு வேட்டி கூடக் கேட்காதவர். மரத்தைத் தெரிந்த மரவாடியில் மாதா மாதம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார். கருவிகள்தான் முதலிலேயே மொத்தமாக வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த கருவி என்றால் ஒரு சுத்தியலும் தேங்காய்த் துருவியும்தான். தையலில் சேர்த்த முந்நூறு ரூபாய் தபால் ஆபீஸில் கிடந்தது. "தர்றேன். ஆனா என்னென்ன வேணும்னு விலையோட எழுதிக் குடுங்க" என்றேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதம் பிறந்தால் மளிகைப் பட்டியலை அவர் எழுதுவார், நான் வெட்டுவேன். அவர் இரண்டு என்று எழுதினால் நான் ஒன்றாக்குவேன். அப்படி வெட்டி மிச்சம் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசியே உண்டு. சிக்கனத்தில் என்னை அடிக்க இந்தத் தெருவில் ஆள் இல்லை என்ற கர்வமும் உண்டு.

கருவிப் பட்டியல் இரண்டு பக்கம் வந்தது. மொத்தம் முந்நூற்று நாற்பது ரூபாய். பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உளி ஐந்து என்று இருந்ததை மூன்றாக்கினேன். அரம் நான்கை இரண்டாக்கினேன். அடுத்த வரியில் 'சி-கிளாம்ப் - 24' என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"என்னங்க இது, ஒரே சாமான் இருபத்து நாலா?"

"பசை தடவி ரெண்டு கட்டையை ஒட்டினா, காயுற வரைக்கும் இறுக்கிப் பிடிச்சுக்கணும்ல? அதுக்குத்தான். இரும்புக் கிடுக்கி மாதிரி இருக்கும்."

"அதுக்கு ஆறு போதாதா? ஒண்ணு காஞ்சதும் கழட்டி அடுத்ததுக்குப் போடுங்களேன். நான் ஒரே குண்டூசி டப்பாவை வச்சுக்கிட்டு வருஷம் பூராத் தைக்கலையா?"

அவர் முகத்தில் ஏதோ வந்து போனது. "சரி, பாத்துக்கலாம்" என்றார். அந்த முகத்தை நான் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டுத்தான் இருபத்து நாலை அடித்து ஆறு என்று எழுதினேன்.

அதற்குக் கீழே பெரிய பெரிய சாமான்கள் இருந்தன. மேஜையில் பூட்டி இரும்பைக் கவ்விப் பிடிக்கிற கனமான வைஸ் ஒன்று, திருகாணிக்கு மரை வெட்டுகிற செட் ஒன்று, ஸ்டவ் மாதிரி சீறுகிற ஊதுவிளக்கு ஒன்று. எல்லாமே ஒவ்வொன்றுதான் கேட்டிருந்தார். விமானம் என்றால் இதெல்லாம் இல்லாமலா என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். கடைசியில் எல்லாம் முந்நூறுக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமிதத்துக்கு நானே பறந்திருப்பேன்.

காந்தி மார்க்கெட் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் எல்லாவற்றையும் வாங்கி, கோணிப்பையில் கட்டி, பஸ்ஸில் கொண்டு வந்து இறக்கினார். அன்று முதல் எங்கள் பின்கட்டு பட்டறையாகிவிட்டது.

இறக்கையின் உள்ளே முதுகெலும்பு மாதிரி ஒரு நீளக் கட்டை ஓடும். பறக்கிறவரின் கனமெல்லாம் அதன் மேல்தான். மெல்லிய மரச் சட்டங்கள் நாலைந்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி அதைச் செய்ய வேண்டும். பாலிலிருந்து எடுக்கிற ஏதோ தூளைத் தண்ணீரில் குழைத்துப் பசை செய்தார். குழைத்த கொஞ்ச நேரத்திலேயே அது இறுக ஆரம்பித்துவிடும். பன்னிரண்டடிக் கட்டையில் ஆறு கிளாம்ப் எந்த மூலைக்கு? ஒரு முனையை முடுக்கிவிட்டு மறு முனைக்கு வருவதற்குள் பசை கெட்டியாகிவிடும். மிச்ச இடத்தில் கயிற்றைச் சுற்றினார். போதாமல் அம்மியைத் தூக்கி வைத்தோம், அரிசி மூட்டையை வைத்தோம். கடைசியில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். "பாத்தீங்களா, பதினெட்டு கிளாம்ப் காசு மிச்சம்" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் எனக்கு வலிக்கிறது.

அந்தக் கோடைக்குள் விமானம் உருவம் கொண்டுவிட்டது. ஓர் இறக்கைக்கு நானே துணி தைத்து மூடினேன். இன்னோர் இறக்கைதான் பாக்கி. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொள்ளிடத்து மணலில் பறந்து பார்ப்பது என்று நாள் குறித்தாகிவிட்டது. கயிறு இழுக்க அவருடைய ஆபீஸ் நண்பர்கள் எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் உட்காரப் போகிற பலகையில் அவருடைய இடுப்பளவுக்குப் பட்டை கூடத் தைத்துவிட்டேன்.

அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, உத்தர வீதியிலிருந்து ஓர் அம்மாள் ரவிக்கை அளவு கொடுக்க வந்தாள். அவளுடைய கணவருக்கு விமான நிலையத்தில் வேலை, விமானங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினீயர். பேச்சுவாக்கில் அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்குப் பொறுக்குமா? "உங்க வீட்டுக்காரரு ரிப்பேர்தானே பாக்குறாரு? எங்க வீட்டுக்காரரு செய்யவே செய்றாரு" என்று ஒரு போடு போட்டேன். என் வாயால் கெட்ட காரியங்கள் எத்தனையோ உண்டு. அன்று ஒரு நாள்தான் அது எங்களைக் காப்பாற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் அந்த இன்ஜினீயரே வந்து நின்றார். முப்பது வயது கூட இருக்காது. நெற்றியில் பளிச்சென்று திருமண். "ஆத்துல சொன்னா. நம்பாம வந்தேன். பாக்கலாமோல்லியோ?" என்று கூச்சத்தோடு கேட்டார். என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. பின்கட்டுக்கு அழைத்துப் போனார்.

வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். படத்தைப் பார்த்து அளவைப் பார்த்தார். "ரொம்ப நன்னா இருக்கு. என்ன கை சுத்தம்!" என்றார். பிறகு துணி போர்த்தாத இறக்கையின் அந்த நீளக் கட்டையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். நடுவில் ஓரிடத்தில் சத்தம் மாறியது. நின்றார். திரும்பவும் தட்டினார். சவரப் பிளேடு ஒன்று கேட்டார். நான் எடுத்து வந்து கொடுத்தேன். ஒட்டின இடத்தில் அதை வைத்து லேசாக அழுத்தினார். பிளேடு முழுசாக உள்ளே போய்விட்டது.

"இதை எத்தனை கிளாம்ப் போட்டு ஒட்டினேள்?"

"ஆறு" என்றார் என் கணவர்.

"இதுக்கு இருபது, இருபத்தஞ்சு வேணுமே! மேல பாத்தா ஒட்டின மாதிரி இருக்கு. உள்ள பிடிக்கவே இல்லை."

நம்பிக்கை வராமல் அந்தக் கட்டையைக் கழற்றி இரண்டு செங்கல் மேல் வைத்தோம். என் கணவர் அதன் நடுவில் ஒரு காலை வைத்து ஏறினார். முழுக் கனத்தையும் கூட அவர் வைக்கவில்லை. படாரென்று அது பிளந்து முறிந்தது. உள்ளே பசை திருநீறு மாதிரி உதிர்ந்தது. நான் துணி போர்த்திய இறக்கையின் கதி என்ன என்று பார்க்க, நானே கத்தரிக்கோல் எடுத்து என் தையலைப் பிரித்தேன். அதுவும் அப்படியேதான் இருந்தது. இன்னும் ஒரே வாரத்தில் இதில்தான் அவர் உட்கார்ந்து மேலே போகப் போகிறார் என்று நினைத்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவரு இருபத்து நாலுதாங்க எழுதினாரு. நான்தான் ஆறு போதும்னு வெட்டினேன்" என்று அந்நிய மனிதர் முன்னால் அழுதேன்.

"அவளைச் சொல்லி என்னங்க?" என்றார் என் கணவர், தலையைக் குனிந்தபடி. "அவ எப்படியும் வெட்டுவான்னு எனக்குத் தெரியும். அதனால வேண்டாத சாமான் மூணை நானே சேர்த்து எழுதினேன். அதை வெட்டட்டும், மத்தது தப்பிக்கும்னு. அவ அதை விட்டுட்டு கிளாம்பை வெட்டிட்டா. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மூலையில் வைஸும் மரை செட்டும் ஊதுவிளக்கும் ஒரு தடவை கூடத் தொடப்படாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. இன்ஜினீயர் அவற்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "எங்க ஆத்துலயும் மளிகை லிஸ்ட் இப்படித்தான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்ஜினீயர் போனதும் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "உசிரு போற விஷயத்துல கூட எங்கிட்ட நெசத்தைச் சொல்ல மாட்டீங்களா?" என்று கத்தினேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எதுக்குன்னு நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ எத்தனைன்னுதானே கேட்டே." இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. அவர் மேல் கோபம் ஒரு பங்கு என்றால், என் மேல் எனக்கு இருந்த வெட்கம் நாலு பங்கு.

மூன்றாம் நாள் நானே அந்த மூன்று சாமானையும் கோணியில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இரும்புக் கடை பாயிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாமான்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொடவே இல்லையேம்மா. வாங்கின வெலைக்கே எடுத்துக்கிறேன்" என்றார். அந்தக் காசுக்கு, கேட்ட பதினெட்டு கிளாம்பையும் எண்ணி வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டைத் தூக்கிப் பையில் போட்டார். "மேல போற காரியம். அல்லாஹ் காப்பாத்துவான், எடுத்துட்டுப் போங்க" என்றார். முன்பின் தெரியாத மனிதர். நான் அந்தக் கடை வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்களும் அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இன்ஜினீயர் வந்துவிடுவார். காசு என்ற பேச்சையே எடுக்கவிட மாட்டார், காபி மட்டும் கேட்டு வாங்கிக் குடிப்பார். ஒவ்வொரு கட்டையையும் புதிதாக ஒட்டினோம். அவர் பசை தடவ, என் கணவர் சட்டங்களைப் பிடித்துக்கொள்ள, நான்தான் இரண்டு கையாலும் கிளாம்புகளை முடுக்கிக்கொண்டே ஓடுவேன். அனுமதிக்கு எழுத வேண்டிய கடிதங்களையும் அந்தப் பிள்ளைதான் எழுதி அனுப்பினார்.

அடுத்த வருஷம் பங்குனியில், சூரியன் கிளம்புகிற நேரம், கொள்ளிடத்து மணலில் எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் விமானம் மணலில் தடதடவென்று இழுபட்டுப் போனது. திடீரென்று அந்தத் தடதடப்பு நின்றுவிட்டது. பார்த்தால், அதற்கும் மணலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு தென்னை உயரம் கூட இருக்காது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினேழு எண்ணினேன். பிறகு அது மெல்ல இறங்கி, மணலைக் கொஞ்சம் உழுது நின்றது. அவர் எழுந்து நின்று கையை ஆட்டினார். நான் எப்படி அவ்வளவு தூரம் ஓடினேன் என்று தெரியாது. போய் அவருடைய தோள், கை, கால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எட்டுப் பேர் பார்க்கிறார்களே என்று கூடத் தோன்றவில்லை.

எஞ்சின் வாங்க எங்களால் கடைசிவரை முடியவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கட்டை முறிந்த மாதத்திலிருந்து எங்கள் வீட்டில் அவர் எதையும் கூட்டி எழுதியதில்லை, நானும் எதற்கு என்று கேட்காமல் எதையும் வெட்டியதில்லை. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, மனிதர் அடுத்த அறையிலிருந்து மூன்றாவது முறையாகக் காபி கேட்கிறார். அந்தக் குரல் இந்த வீட்டில் இன்னும் கேட்கிறதே, அதற்கு மேல் நான் எதையும் மிச்சம் பிடித்ததாக நினைக்கவில்லை.