சவரிராயன் சொன்ன சாட்சி

முதலியார்பேட்டை சவரிராயன் பஞ்சாலையில் தறி ஓட்டினார். ஒரு காலத்தில் சாராயக்கடையே கதி என்று கிடந்தவர். ஓட்டு வீடொன்றில் நடந்த சின்ன ஜெபக்கூட்டம்தான் அவரைக் குடியிலிருந்து மீட்டது. அந்த நன்றியில் தகரக் குழாயை ஒலிபெருக்கி போல வாயில் வைத்துக்கொண்டு தெருமுனைகளில் பேச ஆரம்பித்தார். முதலில் தன் கதையைச் சொன்னார்; ஒருவரும் நிற்கவில்லை. அடுத்தவர் சாமியை வம்புக்கு இழுத்தார், நின்றார்கள். அந்த ருசி அவருக்குப் பிடித்துப்போனது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடி வெள்ளி. வீராம்பட்டினம் தேர் பார்க்கப் போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாகக் கூட்டம் சாலை கொள்ளாமல் நடந்தது. சவரிராயன் ஒரு புளியமரத்தடியில் நின்று முழங்கினார்.

"கல்லுக்குக் காது கேக்குமா? மொட்ட அடிச்சா காய்ச்சல் போவுமா? பேயக் கும்புடப் போறீங்களே, ஜனங்களே!"

எதிரே மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சிறுமி ஒருத்தி, தாயின் கையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தாய் மணியம்மாள், பக்கத்துத் தறிக்காரன் பக்கிரியின் மனைவி. மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்த்திக்கடன். சவரிராயன் குடித்துவிட்டு விழுந்து கிடந்த நாட்களில் அவருடைய பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளும் அவள்தான்.

"ஏம்மா, மாமா நம்ம சாமியத் திட்றாரு?" என்றது குழந்தை.

அதற்குள் நாலைந்து இளவட்டங்கள் பாய்ந்து குழாயைப் பிடுங்கினார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பற்றினான். மணியம்மாள் குறுக்கே புகுந்தாள்.

"வுடுங்கப்பா. எங்க தெரு ஆளு. நல்ல நாளும் அதுவுமா கைய வெக்காதீங்க."

தூக்குச்சட்டியிலிருந்த மோரை ஊற்றி அவரிடம் நீட்டினாள். "குடிண்ணே. தொண்ட காஞ்சி கெடக்கு." அவ்வளவுதான். திட்டவில்லை. அந்த மோரை வாங்கிக் குடித்தபோது அவருக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த நாள் ஆலையில் பக்கிரி முகம் கொடுத்துப் பேசவில்லை. எப்போதும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன், டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். சாயங்காலம் சவரிராயன் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா."

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே," என்றாள் மணியம்மாள். "இந்தப் புள்ளதான் கேட்டுக்கினே இருக்கு, நம்ம சாமி பேயான்னு. நான் இன்னா சொல்றது?"

சவரிராயன் வந்த வழியே திரும்பி நடந்தார்.

ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் கேட்டார். "என்ன பிரதர், குழாய் எடுக்கறதில்லையாமே? ஆண்டவரைப் பத்திச் சொல்ல வெக்கமா?"

"அவரப் பத்திச் சொல்ல வெக்கமில்ல ஐயா. நான் சொன்ன லட்சணத்துக்குத்தான் வெக்கம். எனக்கு அவரு செஞ்சதச் சொல்லாம, ஊரு சாமியத் திட்னேன். அவரு பேரால திட்னேன்."

கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பின் யாராவது "எப்படிய்யா குடிய வுட்ட?" என்று கேட்டால் மட்டும் சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

மறு ஆடியில், பக்கிரி கேட்காமலே சவரிராயன், "நீ தேருக்குப் போ, ஒன் ஷிப்ட நான் பாக்கறேன்" என்றார். பக்கிரி, "சரிண்ணே" என்றான். மதியச் சாப்பாடு மறுபடி எதிரெதிரே ஆயிற்று.

சிறுமி மட்டும் தெருவில் அவரைக் கண்டால் தாயின் புடவைக்குப் பின்னால் ஒதுங்கினாள். அவர் கூப்பிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்த வீட்டைக் கடந்து போனார்.