காட்டோரத்துப் பலகை

பனி உருகினால் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காட்டின் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த வருடமும் வந்தது. மெத்தைகள், டயர்கள், காய்ந்துபோன பெயின்ற் வாளிகள், கதவில்லாத பெரிய குளிர்சாதனப் பெட்டி ஒன்று. எல்லாம் யார் யாரோ வான் வண்டியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனவை. எங்கள் மோர்டென்ஸ்ருட் நிலையத்தோடு ரயில் பாதையும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் காடுதானே, யார் கேட்கப் போகிறார்கள்?

அதைத் துப்புரவாக்க டுக்னாட் வைத்தார்கள். அயலவர் எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் பொதுவேலைக்கு நோர்வேக்காரர் வைத்திருக்கும் பெயர் அது. போகாவிட்டால் ஒருவரும் ஏசமாட்டார்கள். ஆனால் பிறகு படிக்கட்டில் கண்டால் பார்க்கிற பார்வை இருக்கிறதே! எனக்கு அந்தப் பார்வைக்குத்தான் பயம். அதுவும் என் கணவர் அப்போது அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு வேலையில் தற்காலிகமாக இருந்தார். வருடக்கணக்காக உணவகங்களில் கோப்பை கழுவிக் கையெல்லாம் வெடித்த மனிதர். அவரை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று நிர்வாகக் குழு அடுத்த கிழமை முடிவெடுக்க இருந்தது.

"இண்டைக்கு வாயைத் திறக்காமல் வேலையை மட்டும் பாருங்கோ" என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஓம், ஓம்" என்றார். அந்த இரட்டை ஓமில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை.

போய்க் கொஞ்ச நேரத்திலேயே மனிதர் காட்டு ஓடைப் பக்கமாக நழுவத் தொடங்கினார். ஒவ்வொரு மரத்தடியாகக் குனிந்து குனிந்து பார்த்தார். நான் பின்னாலேயே போனேன்.

"என்னப்பா தேடுறியள்?"

"சாமிப் படங்கள்" என்றார் மெதுவாக.

இலையுதிர் காலத்தில் சாமித் தட்டுக்குப் புதுப் படங்கள் வாங்கியிருந்தோம். பழையவற்றில் கண்ணாடி வெடித்து, சாயம் போய்விட்டது. அதற்காகச் சாமியைக் குப்பைத்தொட்டியில் போடமுடியுமா? கடலில் விடவேண்டும். நான்தான் அரிசிச் சாக்கொன்றில் கட்டி, ஃபியோர்டுக் கடலில் விட்டுவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். விட்டாச்சோ என்று கேட்டதற்கு அன்றும் "ஓம், ஓம்" என்றுதான் சொன்னார்.

"கடற்கரை முழுக்கச் சனமப்பா. பொலிஸ் பிடிச்சால் என்ன செய்யிறது? ஓடைத் தண்ணியும் கடலுக்குத்தானே போகுது எண்டு நினைச்சு இஞ்சை வைச்சனான்."

"ஓடை சாக்கைத் தூக்கிக்கொண்டு போகுமோ? மூளை இருக்கோ உங்களுக்கு?"

கத்தவும் முடியவில்லை. சாக்கில் கொட்டை எழுத்தில் தமிழ் இருந்தது. அதை யாராவது கண்டால் காட்டிலிருக்கும் குப்பை முழுவதும் எங்கள் தலையில்தான் விழும். குளிர்சாதனப் பெட்டியும் எங்களுடையதுதான் என்பார்கள். பிறகு எங்கே வேலை? நானும் அவரும் குப்பை பொறுக்குவதுபோலக் காட்டிக்கொண்டு தேடினோம்.

ஆனால் சாக்கு நிர்வாகக் குழுத் தலைவியின் கையில்தான் அகப்பட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியை, நெடிய பெண், நல்ல மனுசி. இழுத்த இழுப்பில் சாக்குக் கிழிந்து, ஊறிப்போன பிள்ளையாரும் லட்சுமியும் சேற்றில் விழுந்தார்கள். குனிந்து நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

தலைவி, அது யாருடையது என்று கேட்கவில்லை. என் கணவரைக் கூப்பிட்டு, "இதையும் குப்பைக் கொள்கலனில் போட்டுவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

கடவுளே, தப்பினோம்! எறிந்துவிட்டு வந்தால் முடிந்தது. சேற்றில் கிடந்த அதே பிள்ளையாரிடம்தான் வேண்டினேன்: இந்த மனிதர் வாயே திறக்காமல் உன்னை எறிந்துவிடட்டும், அப்பனே.

என் கணவர் படங்களைப் பொறுக்கிச் சாக்கில் வைத்து, கொள்கலன் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். உயர்த்தினார். பிறகு இறக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இது என்னுடையது" என்றார் தன் உடைந்த நோர்வேஜிய மொழியில். "இது கடவுள். குப்பை இல்லை." ஒருவரும் கேட்காமலே, "மற்றவை என்னுடையவை இல்லை" என்றும் சொன்னார். எனக்கு அவரைக் கொன்றுபோடலாம்போல இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"சரி, வீட்டுக்கு எடுத்துப் போகலாமே" என்றார் தலைவி.

வேலை தொடர்ந்தது. எண்ணெய் ஊறிய மண்ணை வழித்தெடுத்தோம், புதுமண் பரப்பினோம், பேர்ச் மரக் கன்றுகள் நட்டோம். கோப்பி வந்தபோது முதல் பணிஸை எங்களுக்குத்தான் நீட்டினார்கள். அந்த அன்புதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. "உண்மையைத்தானே சொன்னனான்" என்று அவர் தொடங்கினாலே எனக்கு ஏறிவிடும். "யார் கேட்டது உங்களிட்டை?" என்று பாய்வேன். ஈரம் காய்வதற்காகப் படங்கள் குளியலறையில் சாய்ந்திருந்தன. அவற்றின் முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கோபமாக இருந்தது.

நிர்வாகக் குழுக் கூட்டம் முடிந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்: "வேலை நிரந்தரமாம்."

நான் அப்படியே இருந்து அழுதுவிட்டேன். ஐயோ, எவ்வளவு பயந்தேன்!

"முதல் வேலையும் தந்திட்டினம்" என்றார். "காட்டோரத்திலை ஒரு பலகை நடவேணும். குப்பை கொட்டக்கூடாது எண்டு. நோர்வேஜியனிலை அவையள் எழுதிப்போட்டினம். தமிழிலை நான் எழுதவேணுமாம்."

"வேறை என்னென்ன பாஷையிலை?" என்று கேட்டேன். எங்கள் படிக்கட்டிலேயே ஏழெட்டுப் பாஷை பேசுகிற குடும்பங்கள் இருந்தன.

அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேறை ஒண்டும் இல்லை."

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து பலகையைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அடிமட்டத்தால் கோடு போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். அவருடைய எழுத்து அச்சுப்போல இருக்கும். 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்.' எழுதி முடித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

"பிழை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கால் பாரும்."

பார்த்தேன். "பிழை ஒண்டும் இல்லை" என்றேன்.