போதும் என்று எழுதிய சிஸ்டர்

ஜெகதளா பேருந்து நிறுத்தத்துச் சுவரில் புதிதாக ஒரு சுவரொட்டி. முன்பெல்லாம் யாராவது படித்துச் சொன்னால்தான் எனக்குத் தெரியும். இப்போது நானே எழுத்துக் கூட்டுகிறேன். முதல் எழுத்து 'ஸ்' கொஞ்சம் மிரட்டியது. அதைத் தாண்டினேன்; 'டெல்லா' என்று முடிந்தது. ஒரு பெயரை முழுதாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்தேவிட்டேன். அப்புறம்தான் மாலை போட்ட படத்தையும் 'கண்ணீர் அஞ்சலி'யையும் பார்த்தேன். நம் ஸ்டெல்லா சிஸ்டர்.

அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கெல்லாம் அவர் கையைத் தெரியும். எனக்கு அந்தக் கை ஆக்சிஜன் குமிழின் மேல் இருந்ததுதான் ஞாபகம்.

நெஞ்சில் சளி கட்டி, குன்னூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்தார்கள். போகும்போது ஆளுக்குக் கொஞ்சம் குமிழைத் திருப்பிவிட்டுப் போனார்கள். பந்தியில் சோறு வைப்பதைப் போல, எல்லாம் அன்புதான்.

"ஏனுங்க, இதை யாருங்க கூட்டினது?" என்றார் சிஸ்டர்.

"வந்தவங்கதானுங்க. பாவம், நல்லா மூச்சு விடட்டும்னு" என்றாள் என் மனைவி பாக்கியம்.

"பழம் வேணா இன்னொரு கூடை கொண்டு வரட்டும். காத்தை டாக்டர் சொன்ன அளவுதானுங்க குடுக்கணும்."

குமிழைக் குறைத்தார். எனக்கு உயிரே போனது போல இருந்தது. "குறைச்சா செத்துருவேனுங்க, சிஸ்டர்."

"ஃபேக்டரியில என்ன வேலை பார்த்தீங்க?"

"ட்ரையர்லங்க. தேயிலை காய வைக்கிறது."

"நல்லாக் காயட்டும்னு சூட்டைக் கூட்டிட்டே போவீங்களா?"

"அய்யோ, கருகிப் போயிருமுங்க!"

"நுரையீரலும் அப்படித்தானுங்க. தேவைக்கு மேல ஆக்சிஜன் நாள்கணக்கா ஓடுனா அதுவே உள்ள புண்ணாக்கிரும். விரல்ல மாட்டியிருக்குற கிளிப்பு காட்டுற ஆக்சிஜன் அளவைப் பாத்துத்தான் குறைக்கிறேன். பயப்படாதீங்க."

முப்பது வருஷம் ட்ரையர் முன்னால் நின்றவனுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சிஸ்டர் ஒரு துண்டு பிளாஸ்திரி கிழித்து, பேனாவால் எழுதி, குமிழுக்கு மேலே ஒட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "போதும்" என்றார்.

மறுநாள் என் கூட்டாளி ராசு வந்தான். அவன் கை நேராகக் குமிழுக்குப் போனது. முகமூடியை விலக்கிக்கொண்டு, "டேய், 'போதும்'னு போட்டிருக்கு, தெரியல?" என்றேன்.

"நீ எப்படா படிச்ச?"

"படுக்கையில படிச்சேன்."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளிப்பைப் பார்த்துப் பார்த்து, சிஸ்டர் தினமும் கொஞ்சமாகக் குறைத்தார். ஒரு காலையில் முழுதாக நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெகுநேரம் கழித்து, "கண்ணைத் தொறங்க. இவ்வளவு நேரம் நீங்களேதான் மூச்சு விட்டிருக்கீங்க" என்றார்.

வீடு வந்ததும் முதியோர் கல்வி வகுப்பில் சேர்ந்தேன். எல்லாரும் 'அ' எழுதினார்கள். நான் 'போதும்' எழுதினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அதைச் சிஸ்டரிடம் காட்டியபோது, "ஒத்தைக் கொம்பு போட்டிருக்கீங்க, ரெட்டைக் கொம்பு போடணும். ஆனா மூச்சு நல்லா இருக்குங்க!" என்று சிரித்தார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு சொல்லும் இந்த மூச்சும்தான். சுவரொட்டியை இன்னொரு முறை படித்துவிட்டு ஏற்றத்தில் நடந்தேன். சர்ச் வளைவில் நின்று மூச்சை இழுத்து விட்டேன். வெறும் மலைக்காற்று. போதுமாக இருந்தது.