மாப்பிள்ளை அறைக்குச் சாக்குத் திரை

போன வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு பரீதா வேலிக்கு அப்பால் நின்று கூப்பிட்டாள். குரலில் அழுகை.

"ராத்தா, ஒருக்கா வந்து பாருங்களேன். இந்தப் புள்ள என்ட மானத்த வாங்கப் போகுது!"

கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடு. மகள் ஷிபானா எதையாவது... கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஷிபானாவுக்கு ஒன்றுமில்லை. பிரச்சினை, அவள் தைத்த திரைச்சீலை!

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மதுரங்குளிப் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருக்கென்று ஓர் அறையைப் பெண் வீட்டார் சோடித்து வைக்க வேண்டும். அதை முன்கூட்டியே பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வருவார்கள். பார்ப்பதென்றால் சும்மாவா? கட்டிலை அமுக்குவார்கள், அலுமாரியைத் திறப்பார்கள், மெத்தையைத் தட்டுவார்கள்... பிறகு ஒரு கிழமைக்கு ஊர் முழுக்க அந்த அறைதான் கதை.

அந்தக் கதைக்குப் பயந்து எல்லோரும் கடன்பட்டாவது கடைக்கு ஓடுகிறோம். பளபளவென்று கட்டில், கண்ணாடி மேசை, அலுமாரி — முழு செட். பலகையா அது? மரத்தூளை அமுக்கி மேலே ஸ்டிக்கர் ஒட்டியது. எங்கள் உப்புக் காற்றுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? என் வீட்டு அலுமாரி தேநீரில் நனைத்த பாண் போல ஊதிப்போய் நிற்கிறது. கதவைத் திறக்க ஆள் பிடிக்க வேண்டும்.

ஷிபானா பாலர் பாடசாலை டீச்சர். யோகட் கோப்பையைக்கூட எறியவிடாத பிள்ளை. கல்யாணப் பேச்சு வந்ததுமே சொல்லிவிட்டாள்: "புதுசா ஒண்டும் வாங்க வேணாம் உம்மா. இருக்கிறத வச்சே என்ட அறைய நான் செய்றன்."

செய்திருந்தாள். உள்ளே நுழைந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

குறிஞ்சிப்பிட்டியில் யாரோ இடித்த பழைய வீட்டின் பலாமரக் கதவுதான் கட்டிலின் தலைப்பலகை. தானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறாள். தேன் நிறத்தில் மின்னியது. சுவருக்கு பெயின்ட் இல்லை, சுண்ணாம்பில் கொஞ்சம் காவி கலந்து அடித்திருந்தாள். மணமும் இல்லை, கண்ணைக் குத்தவும் இல்லை. கடற்கரையில் கிழிந்து கிடந்த வலையைக் கழுவி மூலையில் தொங்கவிட்டு, அதற்குள் தலையணைகள். தரையில் பன்பாய்.

யன்னலில்தான் அந்தத் திரைகள். கொப்பரா கட்டிய சணல் சாக்குகளை எண்ணெய் மணம் போகும்வரை கழுவி, வெயிலில் வெளுத்து, ஓரத்தில் நீல நூலால் அலை அலையாகத் தைத்திருந்தாள். பின்னேர வெயில் அந்த இழைகளுக்குள்ளால் சல்லடையில் அரித்து விட்டது போல உள்ளே விழுந்தது. அவ்வளவு அழகு!

"சாக்கு ராத்தா... சாக்கு!" என்றாள் பரீதா.

"அழகாத்தானே இரிக்கி?" என்று சிரித்தேன்.

"உங்களுக்கு அழகுதான். நீங்க இந்த ஊர்க்காரங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

யுத்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, உடுத்த உடுப்போடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த குடும்பம் பரீதாவுடையது. அப்போது அவள் சின்னப்பிள்ளை. வளர்ந்தது முகாமில், ஓலைக் கொட்டிலில். இது எனக்குத் தெரியும். தெரியாததை அன்றுதான் சொன்னாள்.

"ஒரு கொட்டில்ல ரெண்டு குடும்பம். நடுவுல கோதுமை மாச் சாக்குதான் மறைப்பு. நான் பெரிய பிள்ளையானதே அந்தச் சாக்குக்குப் பின்னால. காத்தடிச்சா ஒரு கையால அதப் புடிச்சிக்கிட்டுத்தான் உடுப்பு மாத்துவன். என்ட புள்ளைக்கு அப்பிடி ஒரு நாள் வரக் கூடாதெண்டுதானே ராத்தா இந்த வீட்டக் கட்டினது? நுரைச்சோலையில இருந்து வாற மாப்பிள்ளையிட உம்மாவும் எங்களப் போல அகதியா வந்தவங்கதான். ஆனா இப்ப மாடி வீடு, ஏசி. நாங்க மட்டும் இன்னும் முகாம்லயே இரிக்கிறமெண்டு அவங்க நினைக்கணுமா?"

சுற்றாடல், பிளாஸ்டிக், பூமி என்று ஒரு பிரசங்கமே என் தொண்டையில் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். பழையதைப் பாவிப்பது எனக்கு நாகரிகம். அவளுக்கு அது வேறு வழியே இல்லாதிருந்த காலம். நான் என்னத்தைப் பேச?

கதவடியில் நின்ற ஷிபானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"ஏன் உம்மா இத எனக்கு முந்தியே சொல்லல்ல?"

அவ்வளவுதான். கதிரையில் ஏறினாள், திரைகளைக் கழற்றினாள், மடித்து உம்மாவின் கையில் கொடுத்தாள். முகத்தில் கோபமே இல்லை. கொள்கை பேசுகிற எத்தனையோ பேரை மேடையில் பார்த்திருக்கிறேன். கொள்கையை மடித்துக் கொடுத்துவிட்டு உம்மாவுக்குத் தேநீர் ஊற்றப் போன ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அறை பார்க்க மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. மாற்றுத் திரை தைத்து எடுக்க நேரமில்லை. யன்னல்கள் வெறுமையாக நின்றன.

வந்தவர்கள் கட்டிலைத் தடவினார்கள், சுவரைத் தொட்டார்கள். இளசுகள் வலைக்கு முன்னால் நின்று போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரீதாவுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் சாச்சிதான் தொடங்கினார். "எல்லாம் மாஷா அல்லாஹ். புதுப் பொண்ணுட அறை... யன்னலுக்கு மட்டும் சீலை போட மறந்துட்டீங்களோ?"

ஷிபானா நிலத்தைப் பார்த்தாள். உம்மாவைக் காட்டிக்கொடுக்க அவள் வாய் திறக்கமாட்டாள். 'சலவைக்குப் போட்டிருக்கு' என்று ஒரு பொய்யை நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். அதற்குள் பரீதா எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது கையில் சாக்குத் திரை. மடிப்புக் கலையாமல் அயன் பண்ணியிருந்தது! எப்போது செய்தாளோ?

"மறக்கல்ல. மகள் தைச்சது. நான்தான் கழட்டச் சொன்னேன்." திரையை நீட்டினாள். "சாக்கு... முகாம் ஞாபகம். நீங்க என்ன நினைப்பீங்களோண்டு எனக்கு வெக்கம். என்ட புள்ளயில ஒரு குறையும் இல்ல."

மாப்பிள்ளையின் உம்மா திரையை வாங்கி மடியில் விரித்தார். நீலத் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கட கொட்டில்ல பருப்புச் சாக்கு," என்றார் கடைசியில். "மழைக்கு நனைஞ்சா நாத்தம் தாங்கேலாது. உங்களுக்கு?"

"மாச் சாக்கு," என்றாள் பரீதா.

"அப்ப நீங்க எங்களவிட வசதியாத்தான் இருந்திருக்கிறீங்க!"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்தார்கள்... சிரித்துச் சிரித்தே இருவரும் அழுதார்கள். இளசுகள் ஒன்றும் விளங்காமல் விழித்தன. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், மறைப்பானேன்? பிறகு இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்தத் திரையை மாட்டினார்கள்.

வேனில் ஏறும்போது மாப்பிள்ளையின் உம்மா ஷிபானாவின் காதில் — எல்லோருக்கும் கேட்கும்படியாக — சொன்னார்:

"எங்கட மேல் மாடி யன்னலுக்கும் தைச்சித் தாங்க மகள். அவசரமில்ல, கல்யாணம் முடியட்டும். இப்பவே வேல வாங்கினா, மாமி சரியில்லையெண்டு ஊர்ல கதைப்பாங்க!"

மாமி என்றால் இப்படி இருக்க வேண்டும். எனக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள்... இந்தக் கிழமைப் பேப்பர் அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.