மெஷினுக்குள் புகுந்த பைலா: கிரவீனிலிருந்து மெல்பேர்னுக்கு

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் மகள் ரெனி. சென்ற கோடையில் பிரித்தானிய ரொக் இசைக்குழு ஒன்று மெல்பேர்னுக்கு வந்தது. நான் கார் ஓட்டப் பழகிய காலத்திலிருந்து கேட்டு வருகிற குழு. கிற்றார் ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்கும், டிரம் மெஷின் மறுபக்கம் ஆடச் சொல்லும். (பெயரைப் போட வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர்களின் ரசிகர்கள் பிழை பிடிக்க வந்துவிடுவார்களாம்.) அவர்களுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசிக்க அவுஸ்திரேலியக் குழு ஒன்று தேவைப்பட்டது. ரெனியின் குழுவைத் தெரிவு செய்தார்கள். அதில் டிரம் மெஷின் ரெனியின் பொறுப்பு. பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஜெறோம் மன்னார்க்காரர். கல்யாண வீட்டில் பைலாப் பாட்டுப் போட்டால் ஆட முதல் ஆளாக இறங்குவார். மெஷின் இசையை மட்டும் தகரக் கடைச் சத்தம் என்பார். மகள் மேடையில் வாசித்து அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இந்த முறை முதலிலிருந்து கடைசி வரை கேட்பதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவளும் அதை நம்பியிருந்தாள்.

ரெனி குழுவோடு முன்னரே போய்விட்டாள். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நானும் ஜெறோமும் சிட்னியின் கிரவீனிலிருந்து காரில் புறப்பட்டோம். ஏறக்குறைய 880 கிலோமீற்றர். விமானத்தில் போயிருக்கலாம்தான். ஆனால் ஜெறோமின் அக்கா மெர்சிக்குக் கணவாய்க் கறி கொண்டுபோக வேண்டுமே. கண்டகாயில் காலைச் சாப்பாடு, ஓல்பரியில் கால் நீட்டி ஒரு கோப்பி. பெற்றோலுக்கு 140 டொலர் போனது. மாலை நான்கரைக்கு மெல்பேர்னின் நோபல் பார்க்கில் அக்கா வீட்டில் இருந்தோம். கறி சிந்தவில்லை.

ஞாயிறு மாலை நகரப் பூங்கா ஒன்றில் நிகழ்ச்சி. ஐந்து மணிக்கு வாசல் திறப்பு, ஐந்தரைக்கு ரெனியின் குழு. டிக்கட்டில் தெளிவாகவே இருந்தது. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அஞ்சரை எண்டு போட்டா ஏழுக்குத்தான் தொடங்குவினம். இருந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

நம்மவர் விழா அழைப்பிதழ்களை வாசித்து வாசித்துப் பழகிய கண் அது. மறுக்க எனக்கும் தோன்றவில்லை, கட்லட் சூடாக இருந்தது. ஒருவழியாக 4.50 ரயிலைப் பிடித்தோம். நகரத்துக்கு முக்கால் மணி நேரம். இறங்கிப் பூங்காவுக்குள் நடந்தபோது மரங்களுக்கு அப்பாலிருந்து டிரம் மெஷின் கேட்டது. வீட்டில் கதவடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவள் தட்டிய அதே தாளம்.

"மெஷினுக்கு எங்கட நேரம் தெரியாதப்பா," என்றேன். ஜெறோம் ஓடத் தொடங்கினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்துப் பல வருடம்.

உள்ளே போனபோது கடைசிப் பாட்டைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். புல்வெளியில் வெயில் இன்னும் இருந்தது. கிற்றார் சோகமாக இழுக்க, மெஷின் டும் டும் என்று நேராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தாளம் துள்ளியது. சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் கைதட்டப் பார்த்தார்கள், எங்கே தட்டுவது என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஜெறோம் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எங்கட பைலாவெல்லோ," என்றார், மெதுவாக.

அடுத்த நிமிடம் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டத் தொடங்கினார். அவருக்கென்று ஒரு தட்டு உண்டு. ஒன்றை விழுங்கிவிட்டு, பின்னால் இரண்டாகப் போடுவார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் கையைப் பார்த்துப் பிடித்தார்கள், பிறகு அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள். பாட்டு முடியுமுன் பாதிப் புல்வெளி மன்னார்க் கல்யாண வீடாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது, அதை நான் மறைக்கவில்லை.

பிரித்தானியக் குழுவும் பிறகு அருமையாக வாசித்தது. இருபது வருடமாக இந்த நாளுக்குக் காத்திருந்தவள் நான். ஆனால் அன்றைக்கு என் காதில் மகளின் தாளம்தான் நின்றது.

போக இருப்பவர்களுக்குச் சில குறிப்புகள். சிட்னி ரயில் அட்டை மெல்பேர்னில் செல்லாது, நிலையத்திலேயே புதிது வாங்குங்கள். கோடையானாலும் ஒரு சுவெற்றர் வேண்டும். முக்கியமாக, ஐந்தரை என்று போட்டிருந்தால் ஐந்தரைதான். பிந்திப் போய்விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாங்களும் நினைத்தோம். நிகழ்ச்சி முடிந்து ரெனி வெளியே வந்ததும் ஜெறோம் முந்திக்கொண்டு, எல்லாப் பாட்டும் அருமை என்றார்.

ரெனி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, யுவர் கிளாப், எனக்கு ஸ்டேஜிலேயே கேட்டது," என்றாள். "பட், லாஸ்ட் சோங்கிலதான் கேட்டது."